தினமும் சந்திராஷ்டமம்

பேப்பரைக் கொஞ்சம் கீழே இறக்குங்கள் சார். இங்கே யாரும் யாரையும் பார்ப்பதில்லை. எல்லோருமே முகத்துக்கு நேராக எதையாவது பிடித்துக்கொண்டுதான் உட்கார்ந்திருக்கிறார்கள். அந்த அம்மாவைப் பாருங்கள், ஸ்கேன் கவரைப் பிடித்திருக்கிறார். தவிர, நீங்கள் வைத்திருப்பது நேற்றைய பேப்பர்.

நான் முதல் தடவை வந்தபோது மப்ளர் கட்டிக்கொண்டு வந்தேன். சித்திரை மாதம். வேர்த்து ஊற்றியது. நர்ஸ் என்னைத்தான் நோயாளி என்று நினைத்துக்கொண்டு கட்டிலில் படுக்கச் சொல்லிவிட்டாள்.

பையனுக்கா? ஆறு வயதா? என் மகளுக்கு ஏழு வயதில் முதலில் வந்தது. இப்போது பதினொன்று. உள்ளே இருக்கிறாள், அம்மாவோடு. தலையில் ஒயர் ஒட்டிப் பார்க்கிறார்கள். வலிக்காது, பயப்படாதீர்கள். ஆனால் நேரமாகும். நாம் பேசிக்கொண்டிருக்கலாம்.

யாரிடமாவது சொல்லியிருக்கிறீர்களா? இல்லை, இல்லையா? வீட்டில் வேண்டாம் என்கிறார்களா? நான் அறிவுரை சொல்லப்போவதில்லை. எனக்குப் பிடிக்காத விஷயம் அது. எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன், முடிவு நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். பஸ் டெப்போவில் டைம் கீப்பர். எந்த வண்டி எத்தனை மணிக்கு வந்தது, எத்தனை மணிக்குப் போனது என்று எழுதுகிற வேலை. அது சம்பளத்துக்கு. மற்றபடி எங்கள் ஊர் பகுத்தறிவு மன்றத்தில் துணைச் செயலாளர். பெற்றோர் வைத்த பெயர் சுடலைமுத்து. அதைச் செங்குட்டுவன் என்று மாற்றிக்கொண்டேன், முறைப்படி. என் அக்கா சண்முகவடிவு மட்டும் இன்னும் சுடலை என்றுதான் கூப்பிடுகிறாள். எங்கள் கல்யாணம் ராகு காலத்தில் நடந்தது. வேண்டுமென்றே. மகளுக்கு நறுமுகை என்று பெயர் வைத்தோம். ஜாதகம் எழுதவில்லை. அக்கா கேட்டதற்கு, 'என் பிள்ளையின் தலையெழுத்தை எவனோ ஒருத்தன் கட்டம் போட்டு எழுத வேண்டியதில்லை' என்று சொன்னேன். இதையெல்லாம் ஏன் சொல்கிறேன் என்றால், நான் எப்படிப்பட்ட ஆள் என்பது உங்களுக்குத் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் மீதிக் கதையைக் கேட்டுவிட்டு என்னை வேறு மாதிரி நினைத்துவிடுவீர்கள்.

டாக்டர் நல்லவர். இதே டாக்டர்தான். மூளையில் கரண்ட் கொஞ்சம் தாறுமாறாகப் பாய்கிறது, அவ்வளவுதான், மாத்திரையை விடாமல் சாப்பிட்டால் பெரும்பாலும் கட்டுக்குள் இருக்கும் என்றார். பட்டினி போடக்கூடாது. தூக்கம் கெடக்கூடாது. ஆறு குளத்தில் தனியாக இறங்கக்கூடாது. உயரத்தில் ஏறக்கூடாது. கடைசியாக, "கூட இருக்கிறவங்களுக்குச் சொல்லி வைங்க. முக்கியமா பிள்ளைகிட்ட சொல்லிருங்க, அவளுக்குப் புரியும்" என்றார். முதலில் சொன்னதையெல்லாம் அப்படியே கேட்டோம். கடைசியில் சொன்னதை மட்டும் விட்டுவிட்டோம்.

நான் சொல்லலாம் என்கிற கட்சிதான். அதைக் குறித்துக்கொள்ளுங்கள். என் மனைவி வளர்மதிதான் பஸ்ஸில் திரும்பும்போதே ஆரம்பித்தாள்.

"பொம்பளப்பிள்ளையாச்சேங்க. நாளைக்கு ஒருத்தன் வந்து கேக்க வேண்டாமா?"

"ஏழு வயசுப் பிள்ளைக்கு நாளைக்கு என்ன நாளைக்கு? நோயை மறைக்கிறது மூடநம்பிக்கை."

"அப்ப சொல்லுங்க. மன்றத்துல மைக்கைப் பிடிச்சுச் சொல்லுங்க."

சொல்லியிருப்பேன். அந்த வாரம் மன்றத்தில் கூட்டம் இல்லை.

பிள்ளையிடமும் சொல்லவில்லை. வந்து போனது அவளுக்கு ஞாபகம் இருக்காது சார், அது ஒரு வசதி. கண்ணை முழிப்பாள், சுற்றி நாங்கள் நிற்போம், வெயிலில் மயக்கம் என்போம். மாத்திரையைச் சத்து மாத்திரை என்றோம். அவளுக்குத் தெரிந்தால் அவள் நாலு பேரிடம் சொல்லிவிடுவாள். குழந்தைதானே.

இப்படி இருக்கும்போது அக்கா மகன் கல்யாணம் வந்தது. அக்கா சங்கரன்கோவிலில் இருக்கிறாள். பெண் வீடு சேரன்மாதேவிப் பக்கம். ஆற்றங்கரை ஊர். கல்யாணத்துக்கு மறுநாள் காலையில் பிள்ளைகள் எல்லாம் சோப்பு டப்பாவும் துண்டுமாக ஆற்றுக்குக் கிளம்பி நிற்கின்றன. நறுமுகையும் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு நிற்கிறாள். வளர்மதி அவள் கையைப் பிடித்துக்கொண்டிருக்கிறாள். விடவில்லை.

"ஏலே சுடலை, பிள்ளைய அனுப்பச் சொல்லுலே. இவ என்ன பிடிச்சு வச்சிருக்கா?" என்று அக்கா கத்துகிறாள்.

"வேண்டாம்க்கா."

"ஏன் வேண்டாம்?"

"ஜலதோசம்."

"ஓடுத தண்ணியில என்னலே ஜலதோசம்?"

"தலை காயாது."

"காய வச்சுக்கிடலாம். வேற என்ன?"

பாருங்கள் சார், அறிவியல்பூர்வமாக ஒன்று சொன்னால் ஒன்பது கேள்வி கேட்பார்கள். அம்பது பேர் என்னையே பார்க்கிறார்கள். வளர்மதி என்னைப் பார்க்கிறாள். என் வாயிலிருந்து வந்தது: "அவளுக்குத் தண்ணியில கண்டம் இருக்குக்கா."

அவ்வளவுதான். கப்பென்று சத்தம் அடங்கியது. ஒருத்தர் ஒரு கேள்வி கேட்கவில்லை. பெண்கள் எல்லாம் ச்சு ச்சு என்றார்கள். கல்யாணப் பெண்ணின் அம்மா, அன்றுதான் எங்களை இரண்டாவது தடவை பார்க்கிறார், ஓடிவந்து பிள்ளையைக் கட்டிக்கொண்டார். ஒரு வாளி வெந்நீர் வந்தது. குளிப்பாட்ட இரண்டு பேர் வந்தார்கள். வலிப்பு என்று சொல்லியிருந்தால் அந்த வாளியைத் தனியாக எடுத்து வைத்திருப்பார்கள். கண்டம் என்றதும் அதில் கொஞ்சம் மஞ்சள் போட்டார்கள்.

திரும்பி வரும்போது வளர்மதி சிரித்தாள் பாருங்கள். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். "நீங்களாங்க? நீங்களாங்க கண்டம்னு சொன்னது?" ஒரு நெருக்கடியில் எதிரியின் ஆயுதத்தை எடுத்து வீசுவது தப்பில்லை. எல்லா இயக்கத்திலும் உண்டு.

அதற்குப் பிறகு அது பழகிவிட்டது. பொருட்காட்சியில் ராட்டினம் ஏறக் கூப்பிட்டார்கள். உயரத்திலும் கண்டம் என்றேன். பள்ளிக்கூடத்தில் பி.டி. வாத்தியாரிடம் சொன்னேன். அவர் உடனே என் கையைப் பிடித்துக்கொண்டார். அவருக்கும் உண்டாம், வாகனத்தில். அன்றிலிருந்து விளையாட்டு வகுப்பில் நறுமுகையைத் தன் பக்கத்திலேயே உட்கார வைத்துக்கொண்டார்.

ராத்திரிதான் சிக்கல். தூக்கம் கெடக்கூடாது இல்லையா? கோயில் கொடை விழா, காதுகுத்து, எதுவானாலும் எட்டு மணிக்குக் கிளம்பிவிடுவோம். அக்கா ஒரு தடவை வாசலில் மறித்துக்கொண்டாள்.

"அது என்னலே, எட்டு மணியானா ஓடுதிய?"

"அவளுக்குச் சந்திராஷ்டமம்க்கா." பஸ்ஸில் யாரோ பேசிக்கொண்டிருந்ததைக் கேட்டிருந்தேன்.

"போன வாரமும் அதத்தான சொன்ன?"

"ஆமா. அவளுக்குத் தினமும்."

"தினமுமா? எல்லாருக்கும் மாசத்துல ரெண்டு நாளு ரெண்டேகால் நாளுதானலே வரும்?"

"ராத்திரி மட்டும்க்கா."

அக்கா அப்படியே நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள். இந்த உலகத்தில் எந்தப் பிள்ளைக்கும் வராத சந்திராஷ்டமம் நம் வீட்டுப் பிள்ளைக்கு வந்துவிட்டதே என்று.

அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. பொய் சொல்வதென்றால் விஷயம் தெரிந்து சொல்ல வேண்டும். ஒரு பஞ்சாங்கம் வாங்கினேன். டெப்போவில் டைம் ஷீட்டுக்கு அடியில் வைத்துப் படித்தேன். நட்சத்திரம், திதி, கோசாரம், எட்டாம் இடம். சும்மா சொல்லக்கூடாது சார், கணக்காகத்தான் வைத்திருக்கிறார்கள். நம்பிக்கையைச் சொல்லவில்லை, கணக்கைச் சொல்கிறேன். இப்போது மணி என்ன? பத்து இருபத்தைந்தா? இன்னும் ஐந்து நிமிடத்தில் உங்களை உள்ளே கூப்பிட்டால் நல்லது. வெள்ளிக்கிழமை பத்தரைக்கு ராகு காலம் ஆரம்பம். எனக்கு நம்பிக்கை கிடையாது. தெரிந்துவிட்டது, என்ன செய்வது?

மன்றத்துத் தோழர் பரிதி ஒருநாள் டைம் ஷீட்டைத் தூக்கிப் பார்த்துவிட்டார்.

"என்ன தோழர் இது?"

"எதிரியைப் படிக்கிறேன்."

அவருக்கு ஒரே சந்தோஷம். ஆண்டு விழாவில் 'சோதிடம் என்னும் மோசடி' என்ற தலைப்பில் நான்தான் பேச வேண்டும் என்று சொல்லிவிட்டார். பேசினேன். ஒவ்வொரு கட்டமாக எடுத்து, அதன் விதி இது, அதன் விலக்கு இது என்று சொல்லிச் சொல்லி உடைத்தேன். அப்படி ஒரு கைதட்டல் அதுவரைக்கும் வந்ததில்லை. மறுநாள் காலையில் இரண்டு கண்டக்டர்கள் டெப்போவுக்கு வந்தார்கள், மகளுக்கு வரன் வந்திருக்கிறது, பொருத்தம் பார்த்துச் சொல்ல முடியுமா என்று. பார்த்தேன். பொருந்தவில்லை. அதைச் சொல்லத்தானே வேண்டும்?

நறுமுகையா? அவள் கொஞ்சம் அமைதியாகிவிட்டாள். முன்னெல்லாம் வாய் ஓயாது. சமர்த்தாகிவிட்டாள் என்று நினைத்தோம். ரோட்டைக் கடக்கும்போது என் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொள்வாள். மாடிப்படியில் சுவரோடு ஒட்டி ஏறுவாள். குளிக்கும்போது செம்பில் பாதித் தண்ணீர்தான் மொள்வாள். ஒருநாள் வளர்மதியிடம், "நெருப்புலயும் இருக்காம்மா?" என்று கேட்டிருக்கிறாள். பொது அறிவு வளர்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

இப்போது அக்காவின் கதைக்கு வருகிறேன். என் வருத்தமே அங்கேதான்.

போன தை மாதம் அக்கா போன் பண்ணினாள். "லட்சுமி பிறந்த நேரத்தைச் சொல்லு." லட்சுமி என்பது என் மகள்தான். நறுமுகை என்பதெல்லாம் ஒரு பெயரா என்று அவளாக ஒன்று வைத்திருக்கிறாள். ஊரில் புதிதாக ஒரு சோசியர் வந்திருக்கிறாராம், கெட்டிக்காரராம். நேரத்தை வைத்தே ஜாதகம் கணித்துவிடுவாராம். சொன்னேன். சரியான நேரத்தைத்தான் சொன்னேன், டைம் கீப்பர் அல்லவா? சாயங்காலம் மறுபடி போன்.

"ஏலே, சோசியரு பாத்துட்டாரு. பிள்ளைக்கு ஒரு கண்டமும் இல்லியாம். தொண்ணூறு வயசு இருப்பாளாம்."

எனக்கு வந்த கோபம் இருக்கிறதே. "அவனுக்கு என்ன தெரியும்? போலி! நல்லாப் பாக்கச் சொல்லு, இருக்கும்."

"இல்லன்னு அடிச்சுச் சொல்லுதாருலே."

"எட்டாம் இடத்தைப் பாத்தானா? சனி எங்க இருக்குன்னு கேளு."

வளர்மதி அடுப்படியிலிருந்து வந்து என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். கண்டம் இல்லை என்று ஆகிவிட்டால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். அடுத்த லீவுக்கு ஆறு, ராட்டினம், கொடை, எல்லாவற்றுக்கும் கூப்பிடுவார்கள். என்ன சொல்வது? பதினெட்டு வருஷத்தில் ஒரு வண்டியைக்கூட ஒரு நிமிடம் முன்னேயோ பின்னேயோ எழுதாதவன் சார் நான். சொந்த மகள் பிறந்த நேரத்தை ஒரு மணி நேரம் தள்ளினேன். "அக்கா, அன்னைக்கு ஆஸ்பத்திரிக் கடிகாரம் நின்னு போச்சு. இப்பத்தான் ஞாபகம் வருது." லக்கினம் மாறியது. அவ்வளவுதான், எல்லாக் கண்டமும் வந்துவிட்டது.

கூடவே பரிகாரமும் வந்துவிட்டது.

அதைத்தான் நான் எதிர்பார்க்கவில்லை. கண்டம் என்று சொன்னவர் பரிகாரம் சொல்லாமல் விடுவாரா? ஆற்றங்கரையில் ஒரு கோயில். ஒரு பகல் முழுக்கப் பிள்ளை பட்டினி இருக்க வேண்டும். ராத்திரி கோயிலில் கண் முழிக்க வேண்டும். விடிவதற்கு முன்னால் ஆற்றில் இறங்கி ஒன்பது முங்கு போட வேண்டும். துணைக்கு யாரும் கூட இறங்கக் கூடாது. டாக்டர் எதையெல்லாம் கூடாது என்றாரோ, அத்தனையையும் பொறுக்கி ஒரே நாளில் வைத்திருந்தார் அந்த சோசியர். நாங்களே போய்ச் சொல்லிக்கொடுத்திருந்தால்கூட இவ்வளவு சரியாக வந்திருக்காது.

அக்கா ஏற்கெனவே வேன் பேசிவிட்டாள். சொந்தக்காரர்களுக்கெல்லாம் சொல்லிவிட்டாள். அதோடு, அவளும் ஒருவேளைச் சாப்பாடு என்று விரதம் ஆரம்பித்துவிட்டாள். சர்க்கரை வியாதிக்காரி சார். "எம் பிள்ளைகளுக்குக்கூட நான் இப்படி இருந்ததில்லலே. நம்ம குடும்பத்துக்கு அவ ஒருத்திதான பொம்பளப்பிள்ள" என்கிறாள். என்ன சொல்வீர்கள்?

வளர்மதி அன்றே சொல்லிவிட்டாள். "மதினிகிட்ட உண்மையச் சொல்லிருங்க."

"நீதான வேண்டாம்ன?"

"நான் சொல்ல வேண்டாம்னுதான் சொன்னேன். சோசியம் சொல்லச் சொன்னேனா?"

"சொல்லலாம். சமயம் பாத்துச் சொல்லணும். இப்பப் போவோம். அங்க போய் சாயங்காலமா, டெப்போவுல அவசரம்னு சொல்லிக் கிளம்பிருவோம்."

"என்ன அவசரம்?"

"ஸ்டிரைக்."

"ஸ்டிரைக்னா வேலைக்குப் போக வேண்டாம்லங்க?"

இப்படிக் குதர்க்கமாகப் பேசினால் ஒரு மனிதன் எப்படித் திட்டம் போடுவது?

சரி, போனோம். சனிக்கிழமை. சங்கரன்கோவிலில் அக்கா வீட்டில் பந்திபோல ஆட்கள். நாலு மணிக்கு வேன். மதியம் எல்லோரும் சாப்பிடுகிறார்கள், பிள்ளைக்கு மட்டும் கிடையாது. வளர்மதி அவளுக்கு ரகசியமாக இரண்டு இட்லியும் மாத்திரையும் எடுத்துக்கொண்டு பின்பக்க அறைக்குக் கூட்டிப்போனாள். கொஞ்ச நேரத்தில் என்னைக் கூப்பிட்டாள். குரலே சரியில்லை.

நறுமுகை சுவரில் சாய்ந்துகொண்டு வாயை இறுக்கி மூடியிருக்கிறாள். வளர்மதி கையில் இரண்டு மாத்திரை. ஒன்று மதியத்துக்கு உள்ளது. இன்னொன்று பாவாடைப் பையிலிருந்து எடுத்தது. காலையில் விழுங்கியது போலக் காட்டிவிட்டுத் துப்பியிருக்கிறாள்.

"வாயத் தொறடி."

"விரதம். பச்சத் தண்ணிகூட உள்ள போகக் கூடாதுன்னு அத்தை சொல்லிருக்கா."

"மாத்திரை விரதத்துல சேராதும்மா" என்றேன்.

"சத்து மாத்திரைதானப்பா? ஒரு நாளு சத்து இல்லாட்டா ஒண்ணும் ஆகாது." பிறகு சொன்னாள்: "இத நான் ஒழுங்காப் பண்ணலன்னா செத்துருவேன்ல? அத்தை சொல்லல. எனக்கே தெரியும். தண்ணியிலயா உயரத்துலயான்னுதான் தெரியல."

சாதாரணமாகத்தான் சொன்னாள் சார். நாளைக்கு என்ன பாடம் என்று சொல்வதுபோல.

வளர்மதி என்னைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். மாத்திரை தவறினால் வரும், பட்டினி என்றாலும் வரும், இரண்டும் சேர்ந்திருக்கிறது, எந்த நிமிடத்திலும் வரலாம் என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும்.

நான் முன்கட்டுக்குப் போனேன். அக்கா பூஜைச் சாமான்களைப் பையில் அடுக்கிக்கொண்டிருந்தாள். அத்தான் பக்கத்தில் தேங்காய் எண்ணிக்கொண்டிருந்தார். அவர் அதிகம் பேசாத மனிதர். அக்காவோடு இருப்பவர் வேறெப்படி இருக்க முடியும்?

"அக்கா, வேனைத் திருப்பி அனுப்பிரு. பிள்ளைக்குக் கண்டம் இல்ல. வலிப்பு."

அக்கா நிமிர்ந்தாள். வீடு அமைதியாகிவிட்டது. நான் பயந்த அமைதி. ஆனால் அக்கா சொன்னது நான் பயந்தது இல்லை.

"உன் புத்தியக் காட்டிட்ட பாத்தியா? சாமி கும்பிடாம இரு, உன் இஷ்டம். அதுக்காக, பரிகாரத்த நிறுத்தணும்னு, பெத்த பிள்ளைக்கு இல்லாத சீக்கச் சொல்லுதியே! நாக்கு அழுகிராதா?"

"நிசம்க்கா. நாலு வருசமா இருக்கு."

"நாலு வருசமா நீ கண்டம்னுதான சொன்ன?"

"அது பொய்."

"சந்திராஷ்டமம்?"

"அதுவும் பொய்."

"சோசியரு சொன்னாரே, அவரும் பொய்யா?"

"நேரத்த மாத்திச் சொன்னேன்க்கா."

"அந்த மாத்திரை?"

"சத்து மாத்திரை இல்ல. வலிப்பு மாத்திரை."

அக்கா இடுப்பில் கை வைத்துக்கொண்டாள். "ஏலே, நாலு வருசமாச் சொன்னது அம்புட்டும் பொய்யின்னா, இப்பச் சொல்லுதது மட்டும் எப்படில நிசம்?"

மன்றத்தில் நான் கேட்க வேண்டிய கேள்வி அது. சுற்றிலும் பார்க்கிறேன், ஒருத்தர் நம்பவில்லை. "மாப்ளே, ஒரு நாள் அனுசரிச்சுப் போயிரக் கூடாதா?" என்று அத்தான்கூடச் சொல்லிவிட்டார். நாலு வருஷம் பாடுபட்டு மறைத்த விஷயத்தை வாய்விட்டுச் சொல்கிறேன், ஏற்றுக்கொள்ள ஆள் இல்லை.

"அப்பா."

நறுமுகை நடைக்கதவில் நின்றுகொண்டிருந்தாள். எவ்வளவு நேரமாக என்று தெரியாது.

"அப்ப எனக்குக் கண்டம் இல்லையா?"

"இல்லம்மா."

"தண்ணியில?"

"இல்ல."

"உயரத்துல?"

"இல்ல."

"நெருப்புல?"

"அது நான் சொல்லவே இல்லையேம்மா."

"வெறும் வலிப்புதானா?"

நான் வாயைத் திறப்பதற்குள் வளர்மதி பின்னாலிருந்து, "ஆமாடி. வலிப்புதான். அதுக்குத்தான் மாத்திரை. ஒழுங்காச் சாப்பிட்டு, தூங்கி, தண்ணிக்குள்ள தனியாப் போகாம இருந்தாப் போதும்" என்றாள்.

பிள்ளை திரும்பி அவளைப் பார்த்து ஆ என்று வாயைத் திறந்தாள். மாத்திரை போனது. தண்ணீர்கூடக் கேட்கவில்லை. அப்புறம் ஓடினாள் பாருங்கள். முன்வாசலில் பிள்ளைகள் விளையாடிக்கொண்டிருந்தன. தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்தினாள்.

"ஏய், எனக்குக் கண்டமே இல்லையாம்! வலிப்புதானாம்! வலிப்புதானாம்!"

தெருவில் எதிர்வீட்டுக்காரர் எழுந்து நின்றுவிட்டார். நான் பிடிக்க ஓடினேன். அக்கா என் சட்டையைப் பின்னால் பிடித்து இழுத்தாள்.

"எல, நிசந்தானா?"

"நிசம்னு சொன்னேன்லக்கா."

"நீ சொன்னத யாரு கேட்டா? பிள்ள குதிக்குததப் பாத்தாத் தெரியுதே." அப்புறம் முதுகில் வைத்தாள் ஒன்று. "நாலு வருசமாப் பிள்ளையப் பாதி உயிரா வச்சிருந்திருக்கியே, பாவி. வலிப்பத்தான மறச்ச, கொலையவா மறச்ச?" இரண்டாவதும் வைத்தாள். சர்க்கரை வியாதிக்காரிக்கு அவ்வளவு பலம் இருக்கும் என்று நான் நினைக்கவில்லை.

பிள்ளையை இலை போட்டு உட்கார வைத்தாள். தானும் பக்கத்தில் ஒரு இலை போட்டுக்கொண்டாள். விரதமெல்லாம் அதோடு முடிந்தது. சாப்பிட்டுக்கொண்டே பிள்ளையிடம் கேட்டாள்: "ஏட்டி லட்சுமி, அது வந்தா நாங்க என்ன செய்யணும்?"

நறுமுகைக்கு எப்படித் தெரியும்? என்னைப் பார்த்தாள். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நாலு வருஷத்துக்கு முன் டாக்டர் சொன்னதை அன்றைக்குத்தான் முதல் தடவையாக வாய்விட்டுச் சொன்னேன். பிடித்து அமுக்கக் கூடாது. வாயில் எதையும் திணிக்கக் கூடாது. ஒருக்களித்துப் படுக்க வைத்துவிட்டுப் பக்கத்தில் இருக்க வேண்டும். தானாக நிற்கும். ஐந்து நிமிடத்துக்கு மேலே போனால் மட்டும் ஆஸ்பத்திரி.

"சொன்னாப் பத்தாது, செஞ்சு காட்டு" என்று அக்கா சொன்னாள். "ஏங்க, நீங்க படுங்க."

அத்தான் தேங்காயைக் கீழே வைத்துவிட்டுப் படுத்தார். சொன்னதைச் செய்வது கல்யாணமான நாளிலிருந்து அவருக்குப் பழக்கம். நான் அவரை ஒருக்களித்துத் திருப்பிக் காட்டினேன். பிறகு அக்கா திருப்பினாள். பிறகு ஒவ்வொருத்தராக. அத்தான் பாவம், புரண்டுகொண்டே இருந்தார். "அசையாதிய, உங்களுக்கு வலிப்பு வந்திருக்கு" என்று அக்கா அதட்டினாள். நறுமுகை மோர்க்கையோடு வந்து பக்கத்தில் நின்றுகொண்டாள். "மாமா தலைக்கு அடியில துணி வைங்க. சுத்திக் கூட்டமா நிக்காதீங்க, காத்து வரட்டும்." நான் சொல்லாததெல்லாம் அவளாகச் சேர்த்துச் சொல்கிறாள். எல்லாம் சரியாகத்தான் இருந்தது.

அந்த நேரம் பார்த்து வேன் டிரைவர் உள்ளே வந்தார், கிளம்பலாமா என்று கேட்க. பார்த்தால் நடுக்கூடத்தில் பெரிய மனிதர் விழுந்து கிடக்கிறார், சுற்றிலும் ஆட்கள். அந்த மனிதர் ஒரு நொடி யோசிக்கவில்லை. "அய்யோ அண்ணாச்சி!" என்று ஒரே பாய்ச்சலாக வந்து, வேன் சாவியை அத்தான் உள்ளங்கையில் திணித்து, விரலை மடக்கி இறுக்கிப் பிடித்துக்கொண்டார். அசையக் கூடாது என்று சொல்லியிருக்கிறது அல்லவா, அத்தானும் சாவியைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடிக் கிடக்கிறார்.

நறுமுகைதான் குனிந்து அவர் தோளைத் தட்டினாள்.

"டிரைவர் அண்ணாச்சி, இரும்பெல்லாம் வேண்டாம். மாமாவுக்கு ஒண்ணும் இல்ல. எனக்குத்தான் வலிப்பு."

அந்த டிரைவர் அவளையும் அத்தானையும் மாறி மாறிப் பார்த்தார். வீடே சிரிக்கிறது. அக்கா சிரிக்கிறாள், வளர்மதி சிரிக்கிறாள். எனக்கு மட்டும் மனசு ஆறவில்லை சார், இன்றைக்கு வரைக்கும். சொந்தக்காரர்களிடம் சொன்னது சரி. சொல்ல வேண்டியதுதான், நான் அந்தக் கட்சிதான் என்று முதலிலேயே சொன்னேன். ஆனால் ஒரு வேன் டிரைவர். அவர் யார், எந்த ஊர், ஒன்றும் தெரியாது. முன்பின் தெரியாத ஓர் ஆளிடம், வீட்டு விஷயத்தை இப்படியா பட்டென்று சொல்வது? நீங்களே சொல்லுங்கள்.

ஆமாம், உங்கள் பெயர் என்ன சார்? நான் கேட்கவே இல்லை பாருங்கள்.